பெரிய எண் ஒன்றை எங்கிருந்து பகுக்கத் தொடங்குவது? 4,46,34,744-ஐ வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பெரிய முழு எண்ணைக் கொடுத்து "இதன் பண்புகளைக் கண்டுபிடி" என்றால், புதிதாகக் கற்பவர்கள் கணிப்பானை எடுத்து 3, 7, 13 என்று மனதில் தோன்றிய எண்களால் எல்லாம் வகுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் தாள் நிரம்பிவிடும். எதை முயன்றோம், எதை விட்டோம் என்பது மட்டும் தெரியாது.

கற்றுக்கொள்ள வருபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை, வரிசைதான் தெரியவில்லை. வகுத்திகள் எத்தனை, அவற்றின் கூடுதல் என்ன, அது வர்க்க எண்ணா, இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. அந்த இடம் எண்ணின் பகாக் காரணிகள். அதை முதலில் முடித்துவிட்டால் மற்றவை ஒவ்வொன்றும் இரண்டு வரிக் கணக்கு. முடிக்காமல் தொட்டால் ஒவ்வொன்றும் மலை.

இங்கே 4,46,34,744 என்ற எண்ணைத் தொடக்கம் முதல் முடிவு வரை கையாலேயே பகுக்கப் போகிறோம். நீங்களும் தாளில் கூடவே போட்டுக்கொண்டு வாருங்கள். வெறுமனே வாசித்தால் 6-ஆம் படியில் பிடி நழுவிவிடும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நூறுக்குள் இருக்கும் 25 பகா எண்கள் வேண்டும்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71, 73, 79, 83, 89, 97. மனப்பாடம் இல்லையென்றால் தாளின் மேல் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து சொல்பவர்கள் 51, 57, 87, 91 ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றையாவது பகா எண் என்று சேர்த்துவிடுகிறார்கள். அவை முறையே 3 × 17, 3 × 19, 3 × 29, 7 × 13.

அடுத்தது, தாளை இரண்டு பத்திகளாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கண்டுபிடித்த காரணி, வலப்பக்கம் வகுத்தபின் மிஞ்சும் எண். இனி எந்தச் சோதனையையும் வலப்பக்கத்தின் கடைசி எண்ணில் மட்டும்தான் செய்ய வேண்டும். மூல எண்ணுக்குத் திரும்பிப் போகக் கூடாது. எண் சிறிதாகச் சிறிதாக வேலையும் சிறிதாகும் என்பதுதான் இந்த முறையின் முழுப் பலன், அதைக் கைவிடாதீர்கள்.

கணிப்பான் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் இந்த எண்ணுக்கு அரை மணி நேரம் போதும்.

## 2. எண்ணைப் படியெடுத்ததும் இரண்டு சோதனைகள்

இதைத் தேவையில்லாத படி என்று தாண்டிப் போகிறவர்கள் அதிகம். நானும் ஒருமுறை தாண்டினேன். 44634744 என்பதை 44637444 என்று எழுதிக்கொண்டு, ஒரு மணி நேரம் வேறோர் எண்ணைப் பகுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் 4, 7 இரண்டும் இடம் மாறியிருந்தன.

முதல் சோதனை, இலக்கங்களின் கூடுதல்: 4+4+6+3+4+7+4+4 = 36. ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதியிருந்தால் இது காட்டிக்கொடுக்கும். ஆனால் இலக்கங்கள் இடம் மாறினால் காட்டாது, ஏனென்றால் கூட்டும்போது வரிசைக்கு மதிப்பில்லை. நான் தவறாக எழுதிய எண்ணுக்கும் கூடுதல் 36-தான்.

அதனால்தான் இரண்டாவது சோதனை. வலமிருந்து இடமாக ஓர் இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போங்கள்: 4−4+7−4+3−6+4−4 = 0. இடம் மாறிய எண்ணில் இது −6 என்று வரும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறிய பிழை எதுவும் இதன் கண்ணில் படாமல் தப்பாது. மூல எண்ணுக்கும் நீங்கள் எழுதிய எண்ணுக்கும் இந்த இரண்டு மதிப்புகளும் ஒத்துப்போனால் மேலே செல்லலாம்.

இன்னொன்று, காற்புள்ளி. லட்சம், கோடி முறையில் 4,46,34,744 என்று எழுதிப் பழகியவர்கள் நாம். படிப்பதற்கு அதுவே வசதி. ஆனால் 5-ஆம் படியில் எண்ணை மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இப்போதே 44 | 634 | 744 என்று கோடு போட்டும் ஒருமுறை எழுதிக்கொள்ளுங்கள். காற்புள்ளி இருக்கும் இடத்தில் பிரித்து 744 − 34 + 46 − 4 என்று கணக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி வரும் விடைக்கு எந்தப் பொருளும் கிடையாது.

## 3. வர்க்கமூலத்தைத் தோராயமாகக் கண்டுபிடியுங்கள்

6680² = 4,46,22,400. 6681² = 4,46,35,761. நம் எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, ஆகவே அது வர்க்க எண் இல்லை.

இதை இப்போதே செய்வதற்குக் காரணம், தேடலின் எல்லை. ஓர் எண்ணை இரண்டு எண்களின் பெருக்கமாக எழுதினால், அவற்றில் சிறியது வர்க்கமூலத்தைத் தாண்டாது. அதனால் 6680 வரை உள்ள பகா எண்களால் முயன்றால் போதும், அதற்கு மேல் தேவையே இல்லை. அப்படியும் அவை 800-க்கு மேல் இருக்கின்றன. பயப்பட வேண்டாம், ஒவ்வொரு காரணியும் கிடைக்கக் கிடைக்க இந்த எல்லை சரசரவென்று இறங்கும்.

கடைசி இலக்கத்தைப் பார்த்து வர்க்க எண்ணா என்று முடிவு கட்டுவது பரவலான தவறு. வர்க்க எண்கள் 0, 1, 4, 5, 6, 9 ஆகியவற்றில்தான் முடியும் என்பது உண்மை. நம் எண்ணும் 4-இல்தான் முடிகிறது, ஆனாலும் வர்க்கம் இல்லை. விலக்குவதற்கு மட்டுமே அந்த விதி உதவும், உறுதிப்படுத்த உதவாது. இதைவிட வலுவானது 16-ஆல் வகுத்த மீதி. எந்த வர்க்க எண்ணுக்கும் அந்த மீதி 0, 1, 4, 9 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நம் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களான 4744-ஐ 16-ஆல் வகுத்தால் மீதி 8. பெருக்காமலேயே வழக்கு முடிந்தது.

## 4. 2, 5, 3: கடைசி இலக்கமும் இலக்கக் கூடுதலும்

2-இல் தொடங்குங்கள். பாதியாக்குவதுதான் எல்லாவற்றிலும் எளிது.

4,46,34,744 → 2,23,17,372 → 1,11,58,686 → 55,79,343

மூன்று முறை பாதியாக்கியதும் ஒற்றை எண் வந்துவிட்டது. இடப்பக்கம் 2³ என்று எழுதுங்கள். கடைசி இலக்கம் 3, ஆகவே 5 இல்லை.

ஒரு பகா எண் வகுக்கிறது என்று தெரிந்ததும் அது இனி வகுக்காது என்ற நிலை வரும் வரை வகுத்துவிட வேண்டும். "2-ஆல் வகுபடும், சரி, அடுத்து 3" என்று ஒருமுறை மட்டும் வகுத்துவிட்டு நகர்வதுதான் நான் பார்த்த பிழைகளிலேயே மிக அதிகம். அடுக்கு ஒன்று குறைந்தால் பின்னால் வரும் எல்லா விடைகளும் சேர்ந்தே தவறும். 2³-க்குப் பதில் 2² என்று எழுதிவிட்டால், வகுத்திகளின் எண்ணிக்கை 192-க்குப் பதில் 144 ஆகிவிடும்.

அடுத்து 3. 55,79,343-இன் இலக்கக் கூடுதல் 5+5+7+9+3+4+3 = 36. அது 9-ஆல் வகுபடுகிறது, ஆகவே எண்ணும் 9-ஆல் வகுபடும்: 55,79,343 ÷ 9 = 6,19,927.

இலக்கக் கூடுதல் விதி 3-க்கும் 9-க்கும் மட்டும்தான். 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதிலிருந்து வருவது அது. கூடுதல் 27 என்று வந்தால் எண்ணும் 27-ஆல் வகுபடும் என்று நினைப்பது தவறு. 27-க்கு அந்த விதி இல்லை. அதனால் 9-ஆல் வகுத்துவிட்டு, வந்த ஈவை மறுபடி சோதிக்க வேண்டும்: 6+1+9+9+2+7 = 34. 3-ஆல் வகுபடவில்லை. 3² என்று எழுதிக்கொண்டு முன்னேறலாம்.

## 5. 7, 11, 13: மூன்றுக்கும் ஒரே கணக்கு

7 × 11 × 13 = 1001. இந்த ஒரு பெருக்கல் எனக்கு எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

1000 என்பது 1001-ஐவிட ஒன்று குறைவு. அதனால் எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் கிடைக்கும் சிறிய எண்ணுக்கும் மூல எண்ணுக்கும் 7, 11, 13 மூன்றிலும் ஒரே மீதிதான் இருக்கும்.

6,19,927 → 927 − 619 = 308. இது 4 × 7 × 11. ஆகவே 7-உம் 11-உம் வகுக்கும், 13 வகுக்காது.

7-ஆல் வகுத்தால் 88,561. மறுபடியும் அதே சோதனை: 561 − 88 = 473 = 11 × 43. 7 இனி இல்லை, 11 இருக்கிறது. 11-ஆல் வகுத்தால் 8051. இன்னொரு முறை: 51 − 8 = 43. இதை 7, 11, 13 மூன்றும் வகுக்கவில்லை, ஆகவே 8051-ஐயும் வகுக்கா.

இங்கே வகுத்து முடித்ததும் மறுபடி சோதித்தோம் என்பதைக் கவனியுங்கள். 11² போன்ற அடுக்குகள் தப்பிப் போவது இந்த இடத்தில்தான்.

## 6. மிஞ்சிய 8051: அவசரப்படக் கூடாத இடம்

இடப்பக்கம் 2³, 3², 7, 11. வலப்பக்கம் 8051. இதைப் பார்த்ததும் "இதுதான் கடைசிப் பகா எண்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். சின்னப் பகா எண்கள் எதுவும் வகுக்கவில்லை, பார்ப்பதற்கும் பகா எண் போலவே இருக்கிறது. ஆனால் தோற்றம் சான்றாகாது.

முதலில் எல்லையைப் பாருங்கள். 90² = 8100. ஆகவே 8051-இன் வர்க்கமூலம் 90-க்குள். 89 வரை உள்ள பகா எண்களை முயன்றால் போதும். 13 வரை ஏற்கெனவே முடித்துவிட்டோம், மீதி 17-இலிருந்து 89 வரை 18 எண்கள். 3-ஆம் படியில் 800-க்கு மேல் இருந்த வேலை 18-ஆகச் சுருங்கிவிட்டது.

ஒவ்வொன்றாக வகுத்து மீதியைத் தாளில் எழுதுங்கள். 17-க்கு மீதி 10. 19-க்கு 14. 23-க்கு 1, ஏனென்றால் 23 × 350 = 8050. 29-க்கு 18. 31-க்கும் 37-க்கும் 22. 41-க்கு 15, 43-க்கு 10, 47-க்கு 14, 53-க்கு 48, 59-க்கு 27. 61-க்கு மீதி 60, அதாவது இன்னும் ஒன்று இருந்திருந்தால் வகுபட்டிருக்கும். 67-க்கு 11, 71-க்கு 28, 73-க்கு 21, 79-க்கு 72. 83-க்கு மீதி 0.

8051 = 83 × 97.

பெரும்பாலானவர்கள் 40, 50 வரை வந்ததும் "இனி வகுக்காது" என்று நிறுத்திவிடுகிறார்கள். இந்த எண்ணில் விடை கடைசிக்கு முந்தைய சோதனையில் இருந்தது. எல்லை வரை போகாத சோதனையால் அது பகா எண் என்று சொல்ல முடியாது.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. 18 வகுத்தல்களைத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் இதை முயன்று பாருங்கள். வர்க்கமூலத்துக்குச் சற்று மேலே உள்ள முழு எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்திலிருந்து உங்கள் எண்ணைக் கழியுங்கள். 90² − 8051 = 49. இது 7². ஆகவே 8051 = 90² − 7² = (90 − 7)(90 + 7) = 83 × 97. ஒரே வரியில் வேலை முடிந்தது. ஃபெர்மாவின் முறை என்று இதைச் சொல்வார்கள். கழித்து வருவது வர்க்கமாக இல்லையென்றால் 91, 92 என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். இரண்டு காரணிகளும் அருகருகே இருந்தால் இது மின்னல் வேகத்தில் முடியும், விலகி இருந்தால் வகுத்துப் பார்ப்பதைவிட மோசம். அதனால் ஐந்தாறு முயற்சி, அதற்கு மேல் வேண்டாம்.

கடைசியாக, கிடைத்த 83, 97 இரண்டும் பகா எண்கள்தானா என்று பாருங்கள். இரண்டுமே 100-க்குக் கீழே, ஆகவே 2, 3, 5, 7 நான்கும் வகுக்கவில்லை என்றால் போதும். வகுக்கவில்லை.

4,46,34,744 = 2³ × 3² × 7 × 11 × 83 × 97

## 7. வேறு வழியில் பெருக்கிச் சரிபாருங்கள்

வகுத்த வரிசையிலேயே திரும்பப் பெருக்கினால், வகுக்கும்போது செய்த தவறையே மறுபடி செய்ய வாய்ப்பு இருக்கிறது. வேறு விதமாகச் சேர்த்துப் பெருக்குங்கள். 8 × 9 = 72, 7 × 11 = 77, 72 × 77 = 5544. பிறகு 5544 × 8051 = 5544 × 8000 + 5544 × 51 = 4,43,52,000 + 2,82,744 = 4,46,34,744. சரி.

இது ஒத்துப்போகாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இனி வரும் எல்லாமே இந்த ஒரு வரியை நம்பித்தான் நிற்கின்றன.

## 8. வகுத்திகள் எத்தனை?

ஒரு வகுத்தியை உருவாக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பகாக் காரணியிலும் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டும். 2-ஐ 0, 1, 2, 3 முறை எடுக்கலாம், நான்கு வழிகள். 3-ஐ 0, 1, 2 முறை, மூன்று வழிகள். மற்ற நான்குக்கும் எடுக்கலாம், விடலாம் என்று இரண்டு வழிகள். ஆக 4 × 3 × 2 × 2 × 2 × 2 = 192.

அடுக்குகளையே பெருக்கி 3 × 2 × 1 × 1 × 1 × 1 = 6 என்று எழுதுவது அடிக்கடி நேரும் பிழை. "எடுக்காமல் விடுவது" என்ற ஒரு வழியை மறந்துவிடுவதால் வருவது இது. சந்தேகம் வந்தால் சூத்திரத்தை ஒரு சின்ன எண்ணில் போட்டுப் பாருங்கள். 12 = 2² × 3, வகுத்திகள் 3 × 2 = 6. எண்ணியும் பார்க்கலாம்: 1, 2, 3, 4, 6, 12. இந்தச் சின்ன எண் பழக்கம் அடுத்த இரண்டு படிகளிலும் கைகொடுக்கும்.

192 வகுத்திகளும் 96 ஜோடிகளாக நிற்கும், ஒவ்வொரு ஜோடியின் பெருக்கமும் நம் எண். அவற்றில் மிக நெருக்கமான ஜோடி எது என்று தேடுவது நல்ல பயிற்சி. வர்க்கமூலமான 6680-க்கு இருபுறமும் தேடினால் 66 × 97 = 6402, 84 × 83 = 6972 கிடைக்கும். 6402 × 6972 = 4,46,34,744.

## 9. வகுத்திகளின் கூடுதல்

192 எண்களையும் எழுதிக் கூட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு பகாக் காரணிக்கும் 1-இலிருந்து அதன் முழு அடுக்கு வரை கூட்டி, அந்தக் கூடுதல்களைப் பெருக்கினால் போதும். அடைப்புக்குறிகளை விரித்துப் பெருக்கும்போது ஒவ்வொரு வகுத்தியும் சரியாக ஒருமுறை வந்து விழும், அதனால்தான் இது சரியாக வருகிறது.

(1+2+4+8) × (1+3+9) × (1+7) × (1+11) × (1+83) × (1+97)
= 15 × 13 × 8 × 12 × 84 × 98
= 15,41,03,040

3²-க்கு 1+9 = 10 என்று நடுவில் உள்ள 3-ஐ விட்டுவிடுவார்கள், அல்லது (1+3)² = 16 என்று எழுதுவார்கள். இரண்டும் தவறு, 13-தான் சரி. 12-ஐ வைத்துச் சோதியுங்கள்: (1+2+4) × (1+3) = 28, நேரடியாகக் கூட்டினாலும் 28.

இந்தக் கூடுதலில் நம் எண்ணும் ஒரு வகுத்தியாகச் சேர்ந்திருக்கிறது. அதைக் கழித்தால் 10,94,68,296. இது மூல எண்ணைவிடப் பெரியது, ஆகவே நம் எண் ஒரு மிகையெண். கழிக்க மறந்து மொத்தக் கூடுதலோடு ஒப்பிட்டால் 1-ஐத் தவிர எல்லா எண்களும் மிகையெண்ணாகத்தான் தெரியும்.

மிகையெண்ணா என்பது மட்டும் தேவையென்றால் இவ்வளவு கணக்கும் வேண்டாம். எண் 6-ஆல் வகுபடுகிறது. அதன் பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று மூன்றையும் கூட்டினாலே அந்த எண் வந்துவிடும். அதற்கு மேல் 1 என்ற வகுத்தியும் இருக்கிறது, ஆகவே தாண்டிவிட்டது. 6-ஐத் தவிர 6-இன் மடங்குகள் அனைத்துக்கும் இது பொருந்தும்.

## 10. பொதுக் காரணி இல்லாதவை எத்தனை?

1-இலிருந்து நம் எண் வரை, அதனோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்பது ஆய்லரின் கேள்வி. ஒவ்வொரு காரணிக்கும் முழு அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த அடுக்கைக் கழித்துப் பெருக்க வேண்டும்.

(8−4) × (9−3) × (7−1) × (11−1) × (83−1) × (97−1)
= 4 × 6 × 6 × 10 × 82 × 96
= 1,13,35,680

8-க்கு 8−1 = 7 என்று எழுதுவது இங்கே வழக்கமான சறுக்கல். 8-க்குள் ஒற்றை எண்கள் நான்குதானே இருக்கின்றன? அதை நினைத்துப் பார்த்தால் தவறு வராது. விடை மூல எண்ணில் கால் பங்கைச் சற்றே தாண்டுகிறது. 2-உம் 3-உம் காரணியாக இருந்தாலே மூன்றில் இரண்டு பங்கு கழிந்துவிடும் என்பதால் இந்த அளவு நியாயமானதே.

## 11. வர்க்கங்களால் எழுத முடியுமா?

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்பதற்கு, 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் பகாக் காரணிகளை மட்டும் பாருங்கள். அவை 3, 7, 11, 83. இவற்றின் அடுக்குகள் எல்லாமே இரட்டையாக இருந்தால்தான் முடியும். 3-இன் அடுக்கு 2, அது தடையில்லை. 7-இன் அடுக்கு 1, ஆகவே முடியாது. ஒன்று தடுத்தாலே போதும், மற்றவற்றைப் பார்க்க வேண்டாம். மீதி 3 வரும் பகா எண் இருக்கிறது என்பதாலேயே முடியாது என்று சொல்லிவிடக் கூடாது, அடுக்கையும் பார்க்க வேண்டும். 45-இல் 3² இருக்கிறது, ஆனாலும் 45 = 36 + 9.

மூன்று வர்க்கங்கள்? 4-ஆல் முடிந்தவரை வகுத்துவிட்டு, மிஞ்சுவதை 8-ஆல் வகுங்கள். மீதி 7 வந்தால் மட்டுமே முடியாது. நமக்கு 1,11,58,686 மிஞ்சுகிறது, 686-ஐ 8-ஆல் வகுத்த மீதி 6. ஆகவே முடியும். நான்கு வர்க்கங்களுக்குச் சோதனையே தேவையில்லை. எந்த முழு எண்ணையும் அப்படி எழுதலாம் என்று லக்ராஞ்சு 1770-இலேயே நிறுவிவிட்டார்.

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத, 8-ஆம் படியில் கிடைத்த ஜோடியை எடுங்கள். 6402, 6972 இரண்டின் சராசரி 6687, வித்தியாசத்தில் பாதி 285. ஆகவே 4,46,34,744 = 6687² − 285². ஜோடியில் இரண்டும் இரட்டையாகவோ இரண்டும் ஒற்றையாகவோ இருக்க வேண்டும், இல்லையென்றால் சராசரி முழு எண்ணாக வராது. இதைக் கண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. 6681-இலிருந்து ஃபெர்மாவின் முறையை நேரடியாக மூல எண்ணிலேயே முயன்றிருந்தால் ஏழாவது முயற்சியில் இந்த ஜோடி கையில் விழுந்திருக்கும்.

## 12. இரும வடிவம்

2-ஆல் வகுத்துக்கொண்டே போய் மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதினால்: 10 1010 1001 0001 0010 0111 1000. மொத்தம் 26 இலக்கங்கள், அவற்றில் 11 ஒன்றுகள். 2²⁵-க்கும் 2²⁶-க்கும் நடுவில் இருக்கும் எண்ணுக்கு 26 இலக்கங்கள்தான் வர வேண்டும். கடைசியில் மூன்று பூச்சியங்கள் இருப்பது 2³ என்பதோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகவில்லையென்றால் மீதிகளை மேலிருந்து கீழாக எழுதிவிட்டீர்களா என்று பாருங்கள்.

## 13. எண் இன்னும் பெரிதாக இருந்தால்

பதினைந்து இலக்கங்களைத் தாண்டியதும் கருவிகளே பொய் சொல்லத் தொடங்கும். எக்செல் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொண்டு, 16-ஆவதிலிருந்து பூச்சியமாக்கிவிடும். அப்படி மாறிய எண்ணைப் பகுத்துவிட்டு 2-உம் 5-உம் காரணிகள் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். பைத்தான் மொழியில் முழு எண்ணுக்கு அளவு வரம்பு இல்லை. ஆனால் ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் விடை தசம எண்ணாக மாறி, 2⁵³-க்கு மேல் துல்லியம் போய்விடும். இரட்டைச் சாய்கோடு போட்டு முழு எண் வகுத்தலையே பயன்படுத்துங்கள். வர்க்கமூலத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

முறை மாறாது. சின்னக் காரணிகளை எல்லாம் எடுத்துவிட்டு, மிஞ்சுவதைப் பார்க்க வேண்டும். ஆனால் மிஞ்சுவது இருபது இலக்க எண் என்றால் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்ப்பது நடக்காத காரியம். அங்கே முதலில் கேட்க வேண்டியது "இது பகா எண்தானா?" என்பது. பகா எண்ணாக இருந்தால் காரணி தேடுவதே வீண்.

எளிய சோதனை ஒன்று உண்டு. எண் ஒற்றைப் பகா எண் என்றால், 2-ஐ அந்த எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். மீதி 1 வரவில்லையென்றால் அது பகு எண், சந்தேகமே இல்லை. மீதி 1 வந்துவிட்டால் பகா எண் என்று எழுதிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. 341-ஐ எடுங்கள். 2¹⁰ = 1024 = 3 × 341 + 1. ஆகவே 2¹⁰-க்கு மீதி 1, 2³⁴⁰-க்கும் மீதி 1. ஆனால் 341 = 11 × 31.

இந்த ஓட்டையை அடைப்பது மில்லர்–ராபின் சோதனை. 340 = 4 × 85. நேராக 340-க்குப் போகாமல் 85-இல் தொடங்கி வர்க்கமாக்கிக்கொண்டே போக வேண்டும். 2⁸⁵-ஐ 341-ஆல் வகுத்த மீதி 32. அதை வர்க்கமாக்கினால் 1024, மீதி 1. பகா எண்ணில் வர்க்கமாக்கும்போது 1 தருபவை 1-உம், அந்த எண்ணைவிட ஒன்று குறைந்ததும் மட்டும்தான். 32 இரண்டும் இல்லை, ஆகவே 341 பகு எண். 2, 3, 5, 7 என்ற நான்கு அடிமானங்களுக்கு, அதாவது மேலே அடுக்குக்கு உயர்த்திய 2-இன் இடத்தில் இவை ஒவ்வொன்றையும் வைத்து, இந்தச் சோதனையைச் செய்தால், 3,21,50,31,751-க்குக் கீழே உள்ள எந்தப் பகு எண்ணும் தப்பாது.

பகு எண் என்று இந்தச் சோதனை சொன்னாலும் காரணிகளை அது பெரும்பாலும் சொல்வதில்லை. அதற்கு வேறு முறைகள் தேவை. 341-இல் மட்டும் அதிர்ஷ்டம்: 32-ஐவிட ஒன்று குறைந்தது 31, ஒன்று கூடியது 33. 341-ஓடு இவற்றின் மீப்பெரு பொது வகுத்தியைப் பாருங்கள். முதலாவதில் 31, இரண்டாவதில் 11.